பதினேழாம் இலக்க இதயம்

கடிதம் நனைந்துவிடக் கூடாதென்று அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான் அஜந்தன். மடுல்சீமைக்கு மேலேயிருக்கும் வெள்ளைக்கல் தோட்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பசறையில் மாறி, பதுளை வந்து சேர்வதற்குள் அதை எத்தனை முறை பிரித்துப் படித்தானோ, மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஐந்து மாத வயிற்றோடு அவன் மனைவி தனுஜா உட்கார்ந்திருந்தாள்.

"இதுல எழுதியிருக்கிறது நெசமாங்க டொக்டர்? வால்வு சுருங்கியிருக்கு, புள்ள பெறுறது ஆபத்துன்னு போட்டிருக்கு. எங்கம்மா மூணு நாளா சரியா சோறு திங்கல."

இதய நோய் மருத்துவர் பிரசாந்தினி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அதில் கையெழுத்திட்டவர் அவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளையின் இந்தச் சிறிய இதய சிகிச்சை நிலையத்துக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"பயப்படாதேங்கோ. முதல்ல எக்கோ செய்து பாப்பம்" என்றார்.

தனுஜாவைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனாள் தாதி குணமணி. மூன்று வாரங்களுக்கு முன் வெள்ளைக்கல் தோட்டத்துக்குப் போய், கருவுற்ற பெண்களும் இளம் தாய்மாருமாக இருபத்து மூன்று பேரின் இதயச் சத்தத்தைப் பதிவுசெய்து வந்தவள் அவள்தான். ஒலி பதியும் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் நான்கு இடங்களில் வைக்க வேண்டும். கருவி தோலில் பட்டு, உள்ளே துடிப்புக் கேட்டதும் தானாகப் பதியத் தொடங்கும். இருபது விநாடி முடிந்ததும் அடுத்த இடத்தைத் திரையில் காட்டும். அந்தப் பதிவுகளை டொக்டர் பதுளையில் உட்கார்ந்து கேட்டு, யாரை உடனே கூப்பிட வேண்டுமென்று தீர்மானிப்பார். மலையிறங்கி வர முடியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. தனுஜாவின் இலக்கம் பதினேழு.

எக்கோ முடிய அரை மணி நேரமானது. டொக்டர் இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "உங்கட இதயம் நல்ல வடிவா வேலை செய்யுது. ஒரு குறையும் இல்லை. வீணாப் பயப்படுத்திப்போட்டம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

தனுஜா அழுதாள். அஜந்தன் கடிதத்தைச் சுருட்டிக் கசக்கி, என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவர்கள் போனதும் குணமணிக்கும் மனசு இலேசாயிற்று. ஆனால் டொக்டர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதினேழாம் இலக்கப் பதிவை மறுபடியும் போட்டார்.

"அதான் நல்லாருக்குன்னுட்டீங்களே டொக்டர்?"

"தனுஜா நல்லா இருக்கிறா, குணமணி. இது நல்லா இல்லை. கேளுங்கோ."

குணமணி ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் ஓர் ஆழ்ந்த ரீங்காரம். ஆறேழு விநாடியில் அது நின்றதும் இதயம் கேட்டது. லப், டப். அந்த டப்பை ஒட்டினாற்போல் சின்னதாக ஒரு டிக். அதன்பின் தூரத்தில் லொறி ஏற்றம் ஏறுவதுபோல ஓர் உறுமல்.

"அந்த டிக்தான் இறுகின வால்வு திறக்கிற சத்தம்" என்றார் டொக்டர். "டப்புக்கும் டிக்குக்கும் இடைவெளி எவ்வளவு குறையுதோ, வால்வு அவ்வளவு இறுக்கம். இதில இடைவெளி இல்லையெண்டே சொல்லலாம். இந்தச் சத்தம் பொய்யில்லை. ஆரோ ஒரு ஆளின்ர நெஞ்சுக்குள்ள இருந்து வந்தது. அந்த ஆளுக்கு இது தெரியாது. கடுமையான காய்ச்சலோ கர்ப்பமோ வந்தால் நுரையீரலில நீர் கட்டிவிடும்."

குணமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட புதிர்கள் என்றால் அவளுக்கு உற்சாகம் தானாக வந்துவிடும். காணாமல்போன மருந்துப் பெட்டியை அவள் கண்டுபிடித்த கதையைச் சிகிச்சை நிலையத்தில் கேட்காதவர்கள் இல்லை.

"ஃபைல் மாறியிருக்கும்ங்க. வேற தோட்டத்துப் பதிவு இதுல வந்து விழுந்திருக்கும்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனா நேரத்தைப் பாருங்கோ. பதினேழில நாலு பதிவு. முதலாவது பத்து பன்னிரண்டுக்கு. மற்ற மூண்டும் பத்து பதினைஞ்சில இருந்து வரிசையா. ஒரே கருவி, ஒரே இடம். முதலாவதில, இடது மார்புக்குக் கீழ எடுத்ததில மட்டும்தான் கோளாறு. இந்த நோயின்ர உறுமல் இடது மார்புக்குக் கீழதான் கேக்கும். அதால மற்ற மூண்டும் சுத்தமா இருந்ததில எனக்குச் சந்தேகம் வரேல்லை. பிழை என்ரதான்." டொக்டர் திரையில் விரலை வைத்தார். "இன்னொண்டு. முதலாவதில இதயம் நிமிசத்துக்குத் தொண்ணூற்றாறு தரம் அடிக்குது. மற்றதுகளில எழுபத்து நாலு."

"மொதல்ல பயந்திருக்கும், அப்புறம் பயம் தெளிஞ்சிருக்கும்."

"இருக்கலாம். அந்த ரீங்காரம்?"

"தேயிலை ஃபெக்டரிங்க. ரோலர் ஓடுனா தோட்டம் முழுக்க அப்புடித்தான் கேக்கும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல அந்தச் சத்தத்துலதான் நான் வளந்தேன்."

டொக்டர் பதிவை நிறுத்தினார். அடுத்த நாள் காலை தோட்டத்துக்குப் போவதென்று மட்டும் முடிவாயிற்று.

*

நப்ரீஸ் ஓட்டிய ஜீப் மடுல்சீமையைத் தாண்டியதும் பாதை, பாதையாக இருப்பதை விட்டுவிட்டது. மழை அறுத்த பள்ளங்களில் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வளைவில் நின்றேவிட்டது. அதற்கு மேல் படிகள்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் மேலே தெரிந்தன.

குணமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினாள். பாதியில் நின்று பையின் வாரைச் சரிசெய்தாள். இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடியும் சரிசெய்தாள். கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது, மாலைத் தேநீரோடு பணிஸ் சாப்பிடுவதை விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் வந்த டொக்டரும் நின்று, எதிர்மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் பார்த்தார். அவர் அன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

பதிவு நடந்த இடம் பிள்ளைக்காம்பரா. தாய்மார் மலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் நீளமான ஓர் அறை. கங்காணி மாரிசாமி அங்கே எல்லோரையும் வரச்சொல்லிக் காத்திருந்தார். இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். டொக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தன் காதாலேயே கேட்டார். மதியம் ஒரு மணிக்குக் கடைசிப் பெண்ணும் எழுந்து போனாள்.

"இருபத்து மூண்டும் நல்ல இதயம்" என்றார் டொக்டர். "எண்டால், அண்டைக்கு இருபத்து நாலாவது ஆள் ஒண்டு இருந்திருக்கு."

குணமணிக்கு அது ஏற்கனவே தோன்றியிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "தனுஜா பயந்த புள்ளங்க. அதுக்குப் பதிலா மொதல்ல வேற யாரோ படுத்திருக்காங்க. எனக்கு அதோட மாமியார் இராக்கம்மா மேலதான் சந்தேகம். நடந்தாலே மூச்சு வாங்குது, பாத்தீங்களா?"

"அப்ப கேப்பம்."

இராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டொக்டர் அவள் மார்பையும் முதுகையும் நெடுநேரம் கேட்டார்.

"இதயம் நல்லம் அம்மா. நுரையீரல்லதான் இரைச்சல். விறகடுப்போ?"

"ஆமாங்க. புகைக்கூடு இடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. கேட்டுக்கிட்டே இருக்கோம், கட்டித் தர மாட்டேங்கிறாங்க."

"வீட்டில ஆருக்காவது சின்ன வயசில முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?" வால்வைச் சுருக்குவது பெரும்பாலும் சின்ன வயதில் வரும் அந்தக் காய்ச்சல்தான்.

"லயத்துல யாருக்குத்தாங்க வரல? ஒரு காம்பராவுல எட்டுப் பேர் படுத்தா வராம என்ன செய்யும்?"

"சரியாச் சொன்னீங்க" என்று குணமணி சிரித்தாள். "நாங்கல்லாம் வரிசையா படுத்துக் கெடந்தோம். ஆறாம் வகுப்புல ஒரு தவணை நான் பள்ளிக்கூடமே போகல."

மாரிசாமி குறுக்கிட்டார். "இராக்கம்மா அன்னைக்கு இங்க இல்லைங்க. மலையில நின்னுச்சு. காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுல அது பேரு இருக்கு, நாந்தான் கூப்புட்டேன். இந்தக் கதவுல பெஞ்சு போட்டு நான் உக்காந்திருந்தேன். பேரு கூப்புடக் கூப்புட ஒருத்தியா உள்ள போனாங்க. வேற ஈ காக்கா நுழையல."

"பின்பக்கம்?"

"ஜன்னலுக்குக் கம்பி அடிச்சிருக்கு பாருங்க. புள்ளைங்க விழுந்துரக் கூடாதுன்னு."

டொக்டர் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தார். அறையின் ஒரு மூலையில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது. அன்று அதில் ஒரு சேலையைத் தொங்கவிட்டுத் திரையாக்கியிருந்தார்கள்.

"அண்டைக்கு ஃபெக்டரி ஓடினதோ கங்காணி?"

"எந்த ஃபெக்டரிங்க? இங்க மூடி ரெண்டு வருஷமாச்சே. கொழுந்து இப்ப லொறியிலதாங்க போகுது. அதுவும் சாயந்தரந்தான் வரும்."

குணமணி வியப்போடு டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் தனுஜாவைக் கூப்பிட்டார்.

"அண்டைக்கு உள்ள வந்ததில இருந்து என்ன நடந்ததெண்டு ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

தனுஜா நகத்தைக் கடித்தாள். "கரண்டு அடிக்கும்னு நெனச்சு மாட்டேன்னுட்டேங்க. வயித்துப் புள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயம். இந்த நர்ஸ் மிஸ்ஸிதான் அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு வச்சுக் காட்டுனாங்க. அதுக்கப்புறந்தான் படுத்தேன்."

"எத்தினை தரம் வச்சவை?"

"இங்க, இங்க, இங்க." அவள் மேல் மார்பில் இரண்டு இடத்தையும், நடுவெலும்பின் கீழ்ப்பக்கம் ஓரிடத்தையும் தொட்டுக் காட்டினாள்.

குணமணி தலையசைத்தாள். பயப்படுகிறவர்களின் புறங்கையில் கருவியை வைத்துக் காட்டுவது அவள் வழக்கம். ஆனால் அவள் மனம் வேறொரு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி போட்ட ஜன்னல், கங்காணி உட்கார்ந்த கதவு, உள்ளே வராத ஓர் ஆள். கங்காணி பொய் சொல்கிறார். அதைத் தவிர வேறு வழியில்லை. அவர் வீட்டுப் பெண் யாரையோ மறைக்கிறார்.

"எல்லாரையும் உக்கார வைக்கட்டுங்களா டொக்டர்?" என்று காதோடு கேட்டாள். "கங்காணி, இராக்கம்மா, தனுஜா மூணு பேரையும். நீங்க கேட்டா உண்மை வந்துரும்."

டொக்டர் அவளைப் பார்த்தார். "சரி, இருக்கச் சொல்லுங்கோ."

*

மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குணமணி கதவை ஒட்டி நின்றாள். டொக்டர் மடிக்கணினியை மேசையில் வைத்தார்.

"நீங்கள் மூண்டு பேரும் எனக்கு உண்மையைத்தான் சொன்னனீங்கள்" என்றார். "ஒருத்தரும் ஒண்டையும் மறைக்கேல்லை. பெரிய உதவி. இனிப் போய்ச் சாப்பிடுங்கோ. தனுஜா, மற்றப் பிள்ளையள் எல்லாருக்கும் பயமில்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

மூவரும் எழுந்து போனார்கள். குணமணிக்கு ஏமாற்றமாக இருந்தது.

"அவங்கள ஏங்க அனுப்பிட்டீங்க? யாருன்னு கண்டுபுடிக்கவே இல்லையே."

"கதவைச் சாத்திப்போட்டு வாங்கோ. எனக்குப் பக்கத்தில இருங்கோ." குணமணி உட்கார்ந்ததும் டொக்டர் ஹெட்ஃபோனை நீட்டினார். "முதல்ல பதினாறாம் இலக்கம். அதில உங்கட குரல் கேக்குதோ?"

"கேக்குது. 'மூச்ச இழுங்க, விடுங்க'ன்னு சொல்றேன்."

"எப்பிடிக் கேக்குது?"

"தூரமா, மெல்லிசா. ஆனா சொல்லு புரியுதுங்க."

"வெளியில இருந்து வாற குரல் அப்பிடித்தான். இப்ப பதினேழு. அந்த ரீங்காரத்தை மட்டும் போடுறன். ஃபெக்டரி இல்லை, லொறியும் இல்லையெண்டு தெரியும். இயந்திரமெண்டால் ஒரே சீரா ஓட வேணும். இது ஏறுது, இறங்குது, நிக்குது, திரும்பவும் ஏறுது. வடிவாக் கேளுங்கோ."

குணமணி கண்ணை மூடிக்கொண்டாள். உம்ம், உம்ம்ம், உம். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் எங்கேயோ கேட்டதாக இருந்தது. மூன்றாம் முறை கேட்கும்போது அவள் உதடுகள் தாமாக அசைந்தன. மூச்ச இழுங்க. விடுங்க. அப்புடியே இருங்க. அவ்வளவுதான்.

"பேச்சு" என்றாள். "யாரோ பேசுறாங்க."

"ஓம். ஒருத்தரின்ர நெஞ்சில குழாயை வச்சுக்கொண்டு அவரையே கதைக்கச் சொன்னால் குரல் இப்பிடித்தான் வரும். சொல் தேய்ஞ்சு, முழக்கம் மட்டும் மிஞ்சும். அது உள்ளுக்கிருந்து வாற குரல். எண்டால், அந்த நேரம் கருவி ஆரின்ர மார்பில இருந்ததோ, அவதான் கதைச்சவ." டொக்டர் விரலை மடக்கி எண்ணினார். "கங்காணி கதவில. ஜன்னலில கம்பி. சேலைத் திரைக்கு உள்ள ரெண்டே ரெண்டு பேர். தனுஜாவுக்கு மூண்டு இடத்திலதான் வச்சது. இடது மார்புக்குக் கீழ வைக்கவே இல்லை. ஆனா கருவியில அந்த இடத்துக்கும் ஒரு பதிவு இருக்கு. தனுஜாவுக்கு முதல்ல வச்சுக் காட்டினீங்கள். புறங்கையிலயோ?"

குணமணி வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்லத்தான். அப்போதுதான் அந்தக் காலை அவளுக்குத் திரும்ப வந்தது. புறங்கையில் வைத்துக் காட்டியபோது தனுஜா நம்பவில்லை. கை வேற, நெஞ்சு வேறங்க மிஸ்ஸி என்றாள். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். சரி பாரு என்று குணமணி தன் சீருடையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, கருவியை இடது மார்புக்குக் கீழே அழுத்தி, மூச்ச இழுங்க, விடுங்க, அப்புடியே இருங்க, அவ்வளவுதான் என்றாள். பிறகு அசையாமல் இருந்து காட்டினாள். தனுஜா ஒருவழியாகப் படுத்தபோது கருவியின் திரை இரண்டாவது இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் அது காட்டிய இடத்தில் வைத்தாள். அன்றைய நாளில் அது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு மூன்று தோட்டம், நூற்றுச் சொச்சம் பேர்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. காதில் அந்த இதயம் அடித்துக்கொண்டேயிருந்தது.

"எப்பலேருந்து தெரியும் டொக்டர்?"

"நேற்று, அந்த ரீங்காரத்தைக் கேட்டு ஒரு சந்தேகம். இண்டைக்குப் படியில நீங்கள் ரெண்டு தரம் நிண்டபோது கூடிச்சுது. முட்டி வீங்கின கதையைச் சொன்னபோது இன்னும் கூடிச்சுது. ஆனா சந்தேகத்தை வச்சுக்கொண்டு ஒரு ஆளை இப்பிடிப் பயப்படுத்தக் கூடாது. ஒருக்காப் பிழை விட்டிட்டன். அதாலதான் மற்ற இருபத்து மூண்டு பேரையும் முதல்ல கேட்டது. இருக்கிற வழியெல்லாத்தையும் மூடிப்போட்டுத்தான் உங்களிட்ட வந்தன்."

குணமணி தானாகவே எழுந்து போய், பிள்ளைகளைக் கிடத்தும் பாயில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். டொக்டர் மண்டியிட்டுக் கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோயாளிகளுக்காக அவர் அப்படி வைத்துக்கொள்ளும் முகத்தைக் குணமணி எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். இப்போதுதான் கீழேயிருந்து பார்க்கிறாள்.

"அதேதான்" என்றார் டொக்டர்.

"நானும் வீட்டுக்காரர் சுபாஸும் இந்த வருஷம் ஒரு புள்ள பெத்துக்கலாம்னு இருக்கோம்" என்றாள் குணமணி. "மாத்திரைய எல்லாம் நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சு."

"நல்ல காலம், இப்பவே தெரிஞ்சிட்டுது. நாள் தள்ளியிருக்கோ?"

"இல்லைங்க."

"அப்ப கேளுங்கோ. கொழும்பில பலூன் விட்டு வால்வைத் திறப்பினம். நெஞ்சைக் கிழிக்கிற வேலை இல்லை. தொடையில சின்ன ஓட்டைதான். நாளைக்கு எக்கோ, இந்தக் கிழமையே கதைச்சு நாள் எடுக்கிறன். அது முடிஞ்சு, பிறகு பிள்ளை. வரிசையை மட்டும்தான் மாத்துறம்."

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி வால்வு திறக்கப்பட்டது. நான்காம் நாள் குணமணி தன் காலாலேயே நடந்து வார்டை விட்டு வந்தாள். ஆனால் அந்தப் பகலில், பிள்ளைக்காம்பராவின் பாயில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதெல்லாம் தெரியாது. சீருடையின் பொத்தானை அவள் தவறான துளையில் போட்டாள். டொக்டர் குனிந்து சரியாகப் போட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது மூவரும் படியோரம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தனுஜாதான் முதலில் ஓடிவந்தாள்.

"கண்டுபுடிச்சீங்களா மிஸ்ஸி? யாருங்க அது?"

டொக்டர் அவளைத் தடுக்கக் கையை எடுத்தார். குணமணி வேண்டாமென்று தலையசைத்தாள். நேற்றுவரை இந்தப் பெண் அந்தக் கடிதத்தைச் சுமந்தவள். அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை.

"நாந்தான்" என்றாள்.

தனுஜாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாரிசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இராக்கம்மா தட்டைக் கீழே வைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். குணமணியின் தோளிலிருந்து பையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "மெதுவா வா தாயி, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு ஜீப் நின்ற பக்கமாக முன்னால் இறங்கினாள்.